வெடியுப்புத் திராவகம்

கொழும்பு செட்டியார் தெருவிலே பொற்பட்டறை ஒன்றின் வாயிலில் சிறிது நேரம் நின்று, உள்ளே குனிந்திருந்து தொழில் செய்யும் பத்தரின் விரல்களை உற்று நோக்குவோர், பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் மஞ்சட் கறை படிந்திருப்பதைக் காண்பர். சமையலறை மஞ்சளாயின் இரண்டொரு நாளிற் கழுவுண்டு போய்விடும். இக்கறையோ சவர்க்காரத்துக்கும் அசைவதில்லை, எலுமிச்சைக்கும் அசைவதில்லை. மேற்றோல் தானாக உரிந்து புதுத்தோல் வளர்ந்த பின்னரே அது மறையும். நைத்திரிக்கமிலம் தோலிலுள்ள புரதத்தோடு கூடி உண்டாக்கும் நிறம் அது. அதே கையிலே சில வேளை கறுப்புக் கறையும் காணப்படுவதுண்டு. வெள்ளி கரைந்திருக்கும் திராவகம் பட்ட இடம் முதலில் நிறமற்றிருந்து, வெளிச்சம் பட்டபின் கறுத்துப்போவதால் வந்த கறை அது.

பட்டறையில் இதற்குத் திராவகம் என்ற ஒரு சொல்லே போதும். பழைய தமிழில் வெடியுப்புத் திராவகம் என்றனர். வெடியுப்பிலிருந்து வடித்து எடுக்கப்பட்டமையால் அப்பெயர் பொருத்தமானதே. பாடசாலை மாணவர் நைத்திரிக்கமிலம் என்று படிக்கின்றனர். ஐதரசன் அணு ஒன்று, நைதரசன் அணு ஒன்று, ஒட்சிசன் அணு மூன்று என ஐந்தே அணுக்கள் கூடிய எளிய சேர்வை இது. ஆயினும், இதன் குணம் எளியதன்று.

தூய நிலையில் இது நிறமற்ற திரவம். நீரைப் பார்க்கிலும் ஒன்றரை மடங்கு பாரமானது. 83 பாகை செல்சியசில் கொதிப்பது. கடையில் விற்கப்படும் செறிந்த அமிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 68 பங்கே அமிலம், எஞ்சியது நீர். வெளிச்சம் பட்டால் இது சிறிது சிறிதாகச் சிதைந்து, நைதரசனீரொட்சைட்டு என்னும் செங்கபில நிற வாயுவைத் தன்னுள்ளே தோற்றுவித்து மஞ்சளாகின்றது. நிறக் கண்ணாடிப் போத்தலில், குளிர்ந்த இருட்டான இடத்தில் இதனை வைப்பதன் காரணம் இதுவே. வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்த போத்தலினுள்ளே அமுக்கம் ஏறும். மூடியைத் திறந்ததும் புகை முகத்திலடிக்கும்.

மற்றைய அமிலங்களிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவது ஒட்சியேற்றும் வலிமையாகும். ஐதரோகுளோரிக்கமிலத்தைச் செப்புத் தகட்டின்மேல் ஊற்றினால் தகடு அப்படியே கிடக்கும். நைத்திரிக்கமிலத்தை ஊற்றினாலோ நுரை பொங்கி, செங்கபில வாயு எழுந்து, திரவம் நீலப்பச்சையாக மாறும். செம்பும் வெள்ளியும் இதிற் கரையும். பொன் கரையாது. பத்தர் தொழிலில் இதற்குள்ள இடம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலே தங்கியிருக்கின்றது.

இரும்பின் செய்தி வியப்பானது. மிகச் செறிந்த அமிலம் இரும்பின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றை உண்டாக்கி, அந்தப் படலத்தாலேயே மேற்கொண்டு தாக்க இயலாது நின்றுவிடுகின்றது. ஐதான அமிலமோ இரும்பை இரக்கமின்றிக் கரைக்கும். நீர் சேரச் சேர வலிமை குறையும் என்று எண்ணுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. கொழும்புக்கு அண்மையில் நிகழ்ந்த பெருவிபத்து ஒன்றைப் பேசும்போது இந்தக் குணத்தை மறத்தலாகாது.

முதலிற் பொன்னைப் பார்ப்போம். காலி வீதியில் வெள்ளவத்தை அடகுக் கடையொன்றுக்கு ஒரு தாய், மகனின் படிப்புச் செலவுக்கென்று தன் காப்பைக் கழற்றிக்கொண்டு வருகின்றாள். கடைக்காரர் காப்பைக் கறுத்த உரைகல்லில் ஒருமுறை தேய்க்கின்றார். கல்லிலே பொன்னிறமான கீற்று விழுகின்றது. பக்கத்தில் மாற்றுத் தெரிந்த ஊசியால் இன்னொரு கீற்று. இரண்டின்மீதும் கண்ணாடிக் குச்சியால் ஒவ்வொரு துளி திராவகம். பித்தளைக் கீற்றாயின் கண்ணெதிரே நுரைத்து மறையும். மாற்றுக் குறைந்த பொன்னின் கீற்று மங்கிப் போகும். 22 கரட்டுப் பொன்னின் கீற்று கிடந்தபடியே கிடக்கும். மிக உயர்ந்த மாற்றுகளுள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியவேண்டின், திராவகத்தோடு சிறிது ஐதரோகுளோரிக்கமிலமும் சேர்ப்பர். ஒரு துளியின் முடிவை நம்பி ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் செலவு நிர்ணயமாகின்றது. பெரிய கடைகளில் இக்காலத்தில் ஊடுகதிர்ப் பொறிகள் மாற்றைக் காட்டுகின்றன. என்றாலும், உரைகல் இன்னும் மேசையை விட்டு அகலவில்லை.

இரண்டாவது தொழில் பிரித்தெடுத்தல். பழைய நகையில் பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். அதனை உருக்கி அப்படியே திராவகத்தில் இட்டால் வேலை நடவாது. பொன் மிகுதியாக இருந்தால் அது வெள்ளியைச் சூழ்ந்து மறைத்துவிடும், திராவகம் உட்புகாது. ஆகையால் பொன் நாலில் ஒரு பங்காகும்வரை மேலும் வெள்ளி சேர்த்து உருக்குவர். பொன்னைத் தூய்தாக்குவதற்கு முன்னர் அதனை இன்னும் அதிகமாகக் கலப்பாக்க வேண்டியிருப்பது வேடிக்கையே. பின்னர் அதனை மெல்லிய தகடாகவோ சிறு மணிகளாகவோ ஆக்கித் திராவகத்தில் சூடேற்றினால், வெள்ளியும் செம்பும் கரைந்துபோக, அடியில் மண்போன்ற கபிலநிறத் தூள் எஞ்சும். தொழில் தெரியாதவன் அதனைக் குப்பையென்று கொட்டிவிடக்கூடும். கழுவி, வெங்காரமிட்டு உருக்கினால் அது பசும்பொன்னாகத் திரளும். கரைந்த வெள்ளியும் வீணாவதில்லை. அத்திரவத்தினுள் செப்புத் தகடொன்றை இட்டுவைத்தால், செம்பு கரைந்து வெள்ளி சாம்பல்நிறப் பஞ்சுபோல் தகட்டில் ஒட்டித் தொங்கும்.

மூன்று பங்கு ஐதரோகுளோரிக்கமிலத்தோடு ஒரு பங்கு நைத்திரிக்கமிலம் கலந்த கலவை பொன்னையும் கரைக்கும். இராசதிராவகம் என்பது இதன் பெயர். கலந்த உடனேயே குளோரீன் முதலிய நச்சு வாயுக்கள் இதிலிருந்து எழுவதால், இதனை மூடியிட்ட போத்தலிற் சேமித்து வைத்தல் கூடாது. வேண்டியபோது வேண்டிய அளவே கலத்தல் முறை.

வெடியுப்பு இலங்கைக்கு அந்நியமான பொருளன்று. விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பியாகிய ஜோன் டேவி, படை வைத்தியராக இத்தீவில் இருந்தவர். 1821இல் வெளியிட்ட தம் நூலிலே உள்நாட்டின் வெடியுப்புக் குகைகளை அவர் விவரித்துள்ளார். வௌவால் அடையும் குகைகளின் பாறையைச் சுரண்டி எடுத்து, மரச்சாம்பலோடு கலந்து, நீர்விட்டு வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பை உறையவைத்தனர். சாம்பல் சேர்ப்பதற்கு உரிய காரணத்தை அக்கால மக்கள் இரசாயன மொழியிற் சொல்லியிருக்க மாட்டார்கள். சாம்பலிலுள்ள பொற்றாசியம், குகை மண்ணின் கல்சியம் நைத்திரேற்றை வெடிமருந்துக்கு ஏற்ற பொற்றாசியம் நைத்திரேற்றாக மாற்றுகின்றது. அந்த உப்போடு கந்தகவமிலம் சேர்த்து வடித்தால் வருவதே வெடியுப்புத் திராவகம்.

உப்பில்லாமலே காற்றிலிருந்து இவ்வமிலம் பிறக்கும் என்பதை 1785இல் ஹென்றி கவண்டிஷ் காட்டினார். காற்றினூடே மின்பொறிகளைச் செலுத்தி அவர் இதனைச் செய்தார். அதே செயலை ஐப்பசி மாதத்து மாலைகளில் கொழும்பின் வானம் இன்றும் செய்துகொண்டிருக்கின்றது. இடிமின்னல் கிழிக்கும் காற்றிலே நைதரசனும் ஒட்சிசனும் கூடி, மழைநீரிற் கரைந்து, மிக மிக ஐதான நைத்திரிக்கமிலமாக மண்ணில் இறங்குகின்றன. பயிருக்கு அது உணவு.

மனிதர் இதனைப் பேரளவிற் செய்யத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டிலேயாம். காற்றின் நைதரசனையும் ஐதரசனையும் உயர் அமுக்கத்திற் சேர்த்து அமோனியா ஆக்கும் வழியை ஜெர்மனியில் ஃபிரிற்ஸ் ஹாபர் கண்டார். 1913இல் ஒப்பாவு நகரில் முதற் பெரிய ஆலை இயங்கிற்று. அமோனியாவைக் காற்றோடு கலந்து ஏறக்குறைய 900 பாகையில் பிளாற்றின வலையினூடே செலுத்தி, வரும் வாயுவை நீரிற் கரைத்து அமிலமாக்கும் முறை வில்லெம் ஒஸ்ற்வால்டினுடையது. இன்று உலகில் உண்டாகும் நைத்திரிக்கமிலத்திற் பெரும்பகுதி அமோனியம் நைத்திரேற்று முதலிய உரங்களாகின்றது. எஞ்சியது வெடிமருந்து, சாயம், நைலோன் முதலியவற்றுக்குச் செல்கின்றது. பத்தரின் போத்தல் இப்பெருங்கடலில் ஒரு துளி.

அப்பெருங்கடலிலிருந்து ஒரு கொள்கலன் 2021ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற புத்தம்புதிய கப்பல், 1,486 கொள்கலன்களைச் சுமந்துகொண்டு மே மாதம் 19ஆந் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டது. அதிலே 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. அவ்வமிலக் கொள்கலன் ஒன்று கசிவது மே 11ஆந் திகதியே தெரிந்துவிட்டது. வழியிலே கட்டார் நாட்டின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்க இடங்கிடைக்கவில்லை. கசிவோடே கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. 20ஆந் திகதி புகை கிளம்பிற்று. 25ஆந் திகதி பெரிய வெடிப்பு நிகழ, கப்பலில் இருந்தோர் அகற்றப்பட்டனர். ஜூன் 2ஆந் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது, கப்பலின் பின்பகுதி கடலடியிற் தட்டி நின்றது.

கசிந்த அமிலமே தீக்குத் தோற்றுவாய் என்று கருதப்பட்டது. இரும்பின் குணத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். கடற்காற்றின் ஈரமும் மழைநீரும் சேர்ந்து அமிலம் ஐதாகுந்தோறும் அது கப்பலின் உருக்கைத் தாக்கும், வெப்பம் பிறக்கும், வாயு எழும். மரம், துணி, கடதாசி போன்ற பொருள்களைத் தொட்டால் அவற்றை ஒட்சியேற்றித் தானாகவே தீப்பற்றவும் செய்யும். ஒன்பது நாள் சொட்டுச் சொட்டாக வடிந்தது சிறிய கசிவாகவே தோன்றியிருக்கலாம். கசிவின் அளவைக்காட்டிலும் அது விழுந்த இடத்தில் என்ன இருந்தது என்பதே முக்கியம்.

கொரோனாப் பயணத்தடையால் மக்கள் வீடுகளுள் அடைபட்டிருந்த நாட்கள் அவை. கடலில் எழுந்த கரும்புகை கரையிலிருந்தே தெரிந்தது. அதன் பின்னர் மேற்குக் கரையோரமெங்கும் வெண்ணிறமான பிளாத்திக்கு மணிகள் பனிபோலக் குவிந்தன. ஏறக்குறைய 1,680 தொன் மணிகள் கப்பலில் இருந்தன. ஆமைகளும் ஓங்கில்களும் இறந்து கரையொதுங்கின. கடற்றொழில் தடைசெய்யப்பட்டது, கொழும்புச் சந்தைகளில் மீன் வாங்கவே மக்கள் தயங்கினர். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது. அமிலம் கசியும் கொள்கலனை ஏற்கத் துறைமுகங்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும் ஒருவரும் ஏற்காத ஆபத்து மறைந்துபோவதில்லை. அது அடுத்த துறைமுகத்துக்குப் பயணம் போகின்றது.

கப்பலின் கதையை நாடு முழுவதும் அறியும். பட்டறையின் கதையைப் பலர் அறியார். அவ்வகையில் ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய பட்டறை அறை, ஒரே சன்னல், மழைக்காக அதுவும் சாத்தியிருக்கின்றது. திராவகப் பாத்திரத்தில் அவசரத்தோடு செப்புத் துண்டுகளை அதிகமாக இட்டுவிடுகின்றான் ஒரு பையன். செங்கபிலப் புகை பொங்கி அறையை நிரப்புகின்றது. இருவரும் இருமிக்கொண்டு வெளியே ஓடுகின்றனர். சிறிது நேரத்தில் இருமல் தணிகின்றது.

“என்ன தம்பி, நெஞ்சு அடைக்குதோ?” என்று முதியவர் கேட்கின்றார்.

“இல்லை ஐயா. தொண்டை கொஞ்சம் கரகரக்குது, அவ்வளவுதான்.”

பையன் முகங்கழுவிக்கொண்டு பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போகின்றான், இரவு உணவு உண்கின்றான், படுக்கின்றான். நள்ளிரவு கடந்து, மூச்சுத் திணறி எழுந்து உட்காருகின்றான். உதடு நீலம்பாரிக்கின்றது. இருமலில் நுரை வருகின்றது.

இது மிகைப்படுத்திய காட்சியன்று. நைதரசனீரொட்சைட்டு நீரில் மெதுவாகவே கரையும் வாயு. அமோனியாவைப் போல மூக்கையும் தொண்டையையும் உடனே சுட்டு மனிதனை விரட்டுவதில்லை. ஈரமான மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் அடியிலுள்ள நுண்ணிய காற்றறைகள்வரை அது செல்கின்றது. அங்கேதான் அது ஈரத்தோடு கூடி அமிலமாகின்றது. புண்பட்ட மென்சவ்வினூடே நீர் ஊறிக் காற்றறைகளை நிரப்புவதற்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் செல்லும். இடைப்பட்ட நேரத்தில் மனிதன் சுகமாக இருப்பதாகவே எண்ணுவான். ஏமாற்றும் நேரம் அது. ஆகவே இப்புகையைச் சுவாசித்தவர் இருமல் நின்றபின்னும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ‘திராவகப் புகை பட்டது’ என்று வைத்தியருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளேனும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் ஓடுதல், பாரந்தூக்குதல் கூடா. இரவிலே மூச்சு முட்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைத்தல் தகும். பட்டறை முதலாளி பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குதல் முறையாகாது.

புகை பிறவாமலே காத்தல் இதனினும் நன்று. அறையில் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் வெளியேற வேண்டும். மழையென்று சன்னலைச் சாத்திவிட்டு இத்தொழிலைச் செய்தலாகாது. புகையை வெளியே இழுக்கும் விசிறியும் குழாயும் வைத்தல் பெருஞ்செலவன்று. குழாயின் வாய் அயல்வீட்டுச் சன்னலுக்கு நேரே இருத்தலும் ஆகாது. உலோகத்தைச் சிறிது சிறிதாகவே இடவேண்டும். அமிலத்தை ஐதாக்கும்போது நீரை முதலில் எடுத்து, அதில் அமிலத்தை மெல்ல ஊற்றிக் கலக்கவேண்டும். மாற்றி ஊற்றினால் எழும் வெப்பத்தால் அமிலம் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு நியோப்பிரீன் போன்ற தடித்த கையுறை வேண்டும். வைத்தியசாலையில் அணியும் மெல்லிய றப்பர் உறை செறிந்த அமிலத்துக்கு நிற்காது.

சிந்திய திராவகத்தின்மேல் மரத்தூளைத் தூவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எண்ணெய் சிந்தினால் அது சரி. இங்கே அது தீமூட்டுவதற்கு ஒப்பாகும். பழந்துணி, கடதாசி, தும்பு யாவும் அப்படியே. உலர்ந்த மணலும், சுண்ணாம்பும், சோடாத்தூளுமே ஏற்றவை. மதுசாரம், அசற்றோன், தின்னர் முதலியவற்றை அமிலப் போத்தலுக்கு அருகே வைத்தலும் கூடாது. போத்தலுக்குத் தக்கையோ றப்பரோ மூடியாகாது. அவற்றையும் அது அரித்துவிடும்.

சோடாப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் திராவகம் வாங்கிவரும் வழக்கத்தைப் பற்றி எவ்வளவு கடிந்து சொன்னாலும் தகும். தாகத்தோடு வந்த குழந்தைக்குப் போத்தலின் வடிவமே தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரெழுதி ஒட்டிய உரிய போத்தலில், எட்டாத உயரத்தில், பூட்டிய அலுமாரியில் இருக்கவேண்டிய பொருள் இது.

தோலிற் பட்டால் அக்கணமே குழாய்நீரின் கீழே பிடிக்கவேண்டும். ஆகக் குறைந்தது 20 நிமிடம். பட்ட ஆடையை நீர் ஓடும்போதே களைந்துவிட வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், சோடாத்தூள் எதனையும் புண்ணிற் பூசலாகாது. அமிலத்தைக் காரத்தால் ஆற்றுதல் பாத்திரத்துக்குப் பொருந்தும். உடலுக்குப் பொருந்தாது, ஏனெனில் அவ்விரண்டும் கூடும்போது பிறக்கும் வெப்பம் புண்ணை ஆழமாக்கும். கண்ணிற் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து நீரை ஓடவிட்டு, அதன் பின்னரே தேசிய கண் வைத்தியசாலைக்கு விரையவேண்டும். முதலில் நீர், பிறகே வாகனம். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் பெருந்தவறு. இறங்கும்போது சுட்ட குழலை ஏறும்போது அது மறுபடியும் சுடும். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

வேலை முடிந்த பின்னர் எஞ்சும் பச்சைநீலத் திரவம் ஒன்று உண்டு. அதனைப் பலர் அப்படியே வடிகாலில் ஊற்றிவிடுகின்றனர். சீமெந்து அரிக்கப்படும், செம்பு கால்வாய்க்கும் கடலுக்கும் போய்ச் சேரும். அங்குள்ள சிறு உயிர்களுக்குச் செம்பு கொடிய நஞ்சு. திரவத்தை நிறைய நீரில் மெல்ல ஊற்றி, நுரை அடங்கும்வரை சோடாத்தூளைச் சிறிது சிறிதாக இட்டுவந்தால், செம்பு வெளிர்பச்சை வண்டலாகப் பிரியும். ஓரிரவு அசையாமல் வைத்து, மேல்நீர் தெளிந்த பின்னர் அந்நீரை மட்டும் ஊற்றிவிடலாம். அடியிலுள்ள வண்டலை வடிகாலில் விடாது, உலர்த்தித் தனியே பெயரெழுதிய வாளியிற் சேர்த்து வைக்கவேண்டும். பட்டறைத் தரையின் தூசியைக்கூடப் பொன்னுக்காகக் கூட்டி வைக்கும் தொழிலாளருக்கு, இன்னும் ஒரு வாளி வைப்பது கடினமான காரியமன்று.